நெருப்பு நடந்த பாதை

எரிமலை விட்டுச்சென்ற குகையைச் சுற்றுலாத் தலமாக்கி, அறுபது ஆண்டுகளாக அதன் இயல்பு கெடாமல் காத்துவருகிறது லான்சரோட்டே தீவு. எப்படி முடிந்தது?

ஒரு குகையைக் கெடுக்க இரண்டு சுற்றுலா சீசன் போதும். தரைக்கு சிமென்ட் பூசி, பாறை முழுக்க வண்ண விளக்குகளைத் தொங்கவிட்டு, வாசலில் வரிசையாகக் கடைகளுக்கு இடம் கொடுத்துவிட்டால், பல்லாயிரம் ஆண்டுகள் இருட்டில் இருந்த ஓர் இடம் தன் அடையாளத்தை இழந்துவிடும். அப்படி இழக்காமல் காப்பாற்றப்பட்ட குகைகள் உலகில் குறைவு. அந்தக் குறைந்த எண்ணிக்கையில் முன்வரிசையில் வைக்க வேண்டியவை, அட்லாண்டிக் கடலில் உள்ள லான்சரோட்டே தீவின் எரிமலைக் குகைகள்.

ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் ஒன்று லான்சரோட்டே. ஆனால், ஸ்பெயினைவிட ஆப்பிரிக்காதான் அதற்குப் பக்கம். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 125 கி.மீ. தூரம். பரப்பளவு 846 சதுர கி.மீ. ஆறு கிடையாது, காடு கிடையாது, மழையும் அரிது. 1730-ல் வெடிக்கத் தொடங்கிய எரிமலைகள் 1736 வரை ஓயவில்லை. தீவின் கால் பங்கு நிலம் குழம்புக்கு அடியில் போனது. ஊர்கள் புதைந்தன, விளைநிலங்கள் மறைந்தன. கறுப்புக் கல்லும் காற்றும்தான் மிச்சம் என்றிருந்த அந்தத் தீவுக்கு இன்று ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் அதிகமானோர் வருகிறார்கள். வருகிறவர்கள் தேடிச்சென்று பார்க்கும் இடங்களில் இரண்டு, தீவின் வடக்குக் கரையை ஒட்டி இருக்கின்றன. ஒன்று, குவேவா தெ லோஸ் வெர்தெஸ். மற்றொன்று, ஹாமியோஸ் தெல் ஆகுவா. பெயர்தான் இரண்டு, ஒரே எரிமலைக் குகையின் இரு பகுதிகள் அவை.

குழம்பு போனது, கூடு நின்றது

ஆந்திராவின் போரா குகைகளைப் பார்த்தவர்களுக்குச் சுண்ணாம்புக் குகை பழக்கமானது. மழைநீர் சொட்டுச் சொட்டாக இறங்கிப் பாறையைக் கரைத்து, லட்சக்கணக்கான ஆண்டுகளில் அதைக் குடையும். எரிமலைக் குகை பிறக்கும் விதமே வேறு. அது நீர் குடைந்ததல்ல, நெருப்பு ஓடியது. உருவாக அத்தனை காலமும் தேவையில்லை.

லான்சரோட்டேவின் வடக்கே 609 மீட்டர் உயரத்தில் நிற்கிறது லா கொரோனா எரிமலை. சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அது வெடித்தபோது, ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் பசால்ட் குழம்பு கடலை நோக்கி ஓடியது. காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஆடை படிவதுபோல, ஓடும் குழம்பின் மேற்பரப்பு காற்று பட்டு இறுகியது. மேலே ஓடு கெட்டிப்பட்டாலும் உள்ளே குழம்பு ஓடிக்கொண்டே இருந்தது. வெப்பத்தை வெளியே விடாமல் அந்த ஓடே காத்ததால், குழம்பு ஆறாமல் வெகுதூரம் போக முடிந்தது. ஒருநாள் எரிமலை ஓய்ந்தது. உள்ளே மிச்சமிருந்த குழம்பும் சரிவில் வடிந்துபோனது. நின்றது வெற்றுக்கூடு. இதைத்தான் நிலவியலாளர்கள் லாவா குழாய் என்கிறார்கள்.

லா கொரோனாவின் லாவா குழாய் எரிமலை அடிவாரத்திலிருந்து கடற்கரைவரை 6 கி.மீ. நீள்கிறது. அதோடு முடியவும் இல்லை. கடலுக்கு அடியிலும் சுமார் ஒன்றரை கி.மீ. தூரம் போய், 60 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் முடிகிறது. தண்ணீருக்கு அடியில் நெருப்புக் குழம்பு இப்படி ஒரு குழாயை அமைத்துக்கொண்டு ஓட முடியாதே என்ற கேள்வி எழும். விடை பனியுகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் பூமியின் நீர் பெருமளவு பனிக்கட்டியாக உறைந்திருந்ததால், கடல்மட்டம் இன்று இருப்பதைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. குழம்பு ஓடியபோது அது தரை. பிறகு பனி உருகக் கடல் ஏறி, குகையின் கடைசிப் பகுதியை மூழ்கடித்தது. அட்லாண்டிஸ் சுரங்கம் என்று அழைக்கப்படும் அந்தப் பகுதியை 1980-களில் முக்குளிப்பு வீரர்கள் நீந்திச் சென்று ஆராய்ந்தார்கள்.

குழாயின் கூரை சில இடங்களில் இடிந்து விழுந்து, வானம் தெரியும் பெரும் பள்ளங்களாகி இருக்கிறது. அந்தப் பள்ளங்களைத் தீவின் மக்கள் 'ஹாமியோ' என்கிறார்கள். உள்ளே போகவும் வெளியே வரவும் இயற்கை திறந்துவைத்த வாசல்கள் அவைதான்.

ஒளிந்து பிழைத்த ஊர்

சுற்றுலாப் பயணிகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் குகைக்குள் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். உல்லாசத்துக்காக அல்ல, உயிருக்குப் பயந்து. 16, 17-ம் நூற்றாண்டுகளில் வட ஆப்பிரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட கடற்கொள்ளையர்கள், கேனரி தீவுகளில் இறங்கி மக்களைப் பிடித்துச் சென்று அடிமைகளாக விற்றார்கள். கப்பல் கண்ணில் பட்டதும் வடக்குப் பகுதி மக்கள் குழந்தைகளையும் கையில் கிடைத்த தானியத்தையும் தூக்கிக்கொண்டு இந்த இருட்டுக்குள் இறங்கினார்கள். 1618-ல் நடந்த பெரும் தாக்குதலில் அந்தக் குகையும் அவர்களை முழுதாகக் காப்பாற்றவில்லை. நூற்றுக்கணக்கானோர் சிறைபிடிக்கப்பட்டு அல்ஜியர்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இன்று டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய வரலாறு இது. ஒரு காலத்தில் இங்கே மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தவர்கள் உண்டு.

அந்தப் பக்கத்தில் வாழ்ந்த வெர்தெஸ் குடும்பத்தின் பெயர் குகைக்கு நிலைத்துவிட்டது. 1964-ல் இது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. உள்ளே ஒளி அமைத்தவர் ஹெசூஸ் சோட்டோ என்ற கலைஞர். அவர் செய்த வேலையின் சிறப்பு, விளக்கு கண்ணில் படாது என்பது. பாறை மடிப்புகளுக்குப் பின்னால் விளக்குகளை மறைத்து, வெளிச்சத்தை மட்டும் பாறைமேல் விழச் செய்தார். இரும்புச் சத்து காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த இடம் சிவப்பாகவும், நீர் கசிந்து உப்பு படிந்த இடம் வெள்ளையாகவும், மற்றவை காவியும் கறுப்புமாகத் தெரிகின்றன. அந்த நிறமெல்லாம் பாறையின் சொந்த நிறம். சில இடங்களில் வெளிச்சம் இருக்கிறது. சில இடங்கள் இருட்டாகவே விடப்பட்டிருக்கின்றன. குகை என்பதில் பாதி இருட்டுதான் என்று சோட்டோவுக்குத் தெரிந்திருக்கிறது.

பார்வையாளர்கள் வழிகாட்டியுடன் குழுவாகத்தான் போக முடியும். சுமார் 1 கி.மீ. பகுதி மட்டுமே திறந்திருக்கிறது. ஓரிடத்தில் கூரை கோபுர உயரத்துக்கு எழும். அடுத்த வளைவில் முதுகை வளைத்துக் குனிந்து போக வேண்டியிருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குடைவுகள் இருப்பதால் பாதை ஏறி இறங்குகிறது. சுவரின் பக்கவாட்டில் படிபடியாகத் தெரியும் விளிம்புகள், குழம்பு வெவ்வேறு நேரங்களில் எந்த மட்டத்தில் ஓடியது என்பதைக் காட்டுகின்றன. கூரையிலிருந்து தொங்கும் சிறு கூர்முனைகள், வெப்பத்தில் உருகிச் சொட்டும்போதே இறுகிய கற்கள். வெளியே வெயிலோ காற்றோ எப்படி இருந்தாலும் உள்ளே ஆண்டு முழுக்க வெப்பநிலை 19 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. பயணத்தின் முடிவில் வழிகாட்டி அனைவரையும் நிறுத்தி ஒரு ரகசியத்தைக் காட்டுவார். பார்த்தவர்கள் அதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர் வைக்கும் வேண்டுகோள். அறுபது ஆண்டுகளாக அங்கே போய்வந்தவர்கள் அந்த வாக்கைப் பெரும்பாலும் காத்திருக்கிறார்கள். நாமும் காப்போம்.

ஊருக்குத் திரும்பிய ஓவியர்

இந்தக் கதையின் நடுநாயகம் சேசர் மன்ரிக்கே. 1919-ல் தீவின் தலைநகர் அர்ரெசிஃபேயில் பிறந்தவர். மாட்ரிட்டில் ஓவியம் படித்தார். 1960-களின் நடுவில் நியூயார்க்கில் வாழ்ந்தார். அந்தப் பெருநகரத்தில் நிலைத்துவிடும் வாய்ப்பு இருந்தும், 1960-களிலேயே பிறந்த மண்ணுக்குத் திரும்பினார்.

அப்போது தீவு ஒரு திருப்பத்தில் நின்றது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்துவிட்டது. ஐரோப்பாவின் குளிருக்குத் தப்பி வெயில் தேடி வருகிறவர்களின் கூட்டமும் வரத் தொடங்கியிருந்தது. ஸ்பெயினின் மற்ற கடற்கரைகளில் அடுக்குமாடி ஓட்டல்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. இங்கேயும் அதுவே நடக்கும் என்றிருந்த நிலையில், 'கபில்டோ' எனப்படும் தீவு நிர்வாக சபைக்குத் தலைவராக இருந்தவர் ஹோசே ராமிரெஸ் செர்தா. மன்ரிக்கேவின் நண்பர். 1960 முதல் 1974 வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார். ஓவியரின் கற்பனையும் நிர்வாகியின் அதிகாரமும் ஒரே திசையில் இழுத்தது லான்சரோட்டேவின் நல்லூழ்.

மன்ரிக்கே பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர் அல்ல. இடத்தைப் பார்த்து, அங்கேயே முடிவெடுத்து, தீவின் கொத்தனார்களோடும் தொழிலாளர்களோடும் சேர்ந்து வேலை செய்தவர். வீடு கட்ட அவர் தேர்ந்தெடுத்த இடம், குழம்பு உறைந்து கிடந்த ஒரு கறுப்பு வெளி. அங்கே பூமிக்குள் இருந்த ஐந்து எரிமலைக் குமிழிகளைக் கண்டு, அவற்றையே அறைகளாக்கிக்கொண்டார். திமன்ஃபாயா எரிமலைப் பகுதியில் 1970-ல் அவர் அமைத்த உணவகத்தில் பூமியின் வெப்பத்திலேயே இறைச்சி வாட்டுகிறார்கள். எரிமலை மணல் தோண்டியெடுத்த குழியை 1990-ல் கள்ளித் தோட்டமாக்கினார். சாலையோர விளம்பரப் பலகைகளுக்கு எதிராகவும், உயரமான கட்டடங்களுக்கு எதிராகவும் கடைசிவரை போராடினார். 1992 செப்டம்பர் 25-ல் சாலை விபத்தில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே லான்சரோட்டேவை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தீவின் விமான நிலையம் இன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

குகைக்குள் ஒரு குளம்

மன்ரிக்கேவின் கை முதலில் பட்ட பெரிய இடம் ஹாமியோஸ் தெல் ஆகுவா. இதன் முதல் கட்டம் 1966-ல் திறக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் என்று சொல்ல அதிகம் ஒன்றும் தெரியாது. கறுப்புக் கல்வெளி, அதில் ஒரு பள்ளம், இறங்கிச் செல்லக் கல்லும் மரமுமாகப் படிகள். இறங்க இறங்கக் காற்றின் சத்தம் குறைகிறது. பள்ளத்தின் அடியில், பாறை நிழலில் உணவகம். தொங்கும் செடிகள், முரட்டுக் கல் சுவர்கள். அதைத் தாண்டினால் குகையின் வாய்.

உள்ளே, அசைவே இல்லாத ஒரு குளம். தெளிந்த தண்ணீர், அடிப்பாறை தெரிகிறது. இது கடல்நீர். குளத்துக்கும் கடலுக்கும் நேரடித் திறப்பு இல்லை. பாறையின் துளைகள் வழியாகவும் வெடிப்புகள் வழியாகவும் கசிந்து வருகிறது. ஆனாலும் கடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் குளத்தின் மட்டமும் ஏறி இறங்குகிறது. குகைக் கூரையில் இயற்கையாக விழுந்த ஒரு துளை வழியே நடுப்பகலில் சூரிய ஒளி ஒரு கற்றையாக இறங்கித் தண்ணீரைத் தொடுகிறது. குளத்தின் ஓரமாக ஒரு நடைபாதை. அதில்தான் அனைவரும் நடந்து கடக்க வேண்டும். அடுத்த பக்கம் ஏறினால் மீண்டும் வானம். பெரிய ஹாமியோவின் நடுவே வெள்ளைக் கரையிட்ட நீலக்குளமும் சாய்ந்த பனைமரமும். அதற்கும் அப்பால், குகையின் தொடர்ச்சியிலேயே ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய இசையரங்கம். 1977-ல் நிறைவுற்ற அந்த அரங்குக்குச் சுவரும் கூரையும் குழம்பு செய்து கொடுத்தவை. கரடுமுரடான பாறை ஒலியைச் சிதறடித்து எதிரொலியைக் குறைப்பதால், இசைக் கலைஞர்கள் இதைப் பெரிதும் மதிக்கிறார்கள்.

இங்கே மனிதன் சேர்த்தவை என்னென்ன என்று பட்டியல் போட்டால் சிறிதாகத்தான் வரும்: படிகள், ஒரு பாதை, அந்த நீலக்குளம், இருக்கைகள், செடிகள், விளக்குகள். குகையின் வடிவத்தை மாற்றாமல், அந்த வடிவம் எங்கே அழைக்கிறதோ அங்கே பாதை போட்டார்கள். எங்கே வேண்டாம் என்றதோ அங்கே நிறுத்திக்கொண்டார்கள். மன்ரிக்கேவும் சோட்டோவும் கட்டியதைவிடக் கட்டாமல் விட்டதே அவர்களின் பெரிய சாதனை.

வீட்டுக்காரர் ஒரு நண்டு

குளத்தின் அடிப்பாறையில் வெள்ளைப் புள்ளிகள் தூவியதுபோல் தெரியும். உற்றுப் பார்த்தால் அவை நகரும். அவைதான் முனிடாப்சிஸ் பாலிமார்ஃபா என்னும் குருட்டு நண்டுகள். சுமார் ஒரு செ.மீ. நீளம், நிறமில்லாத வெள்ளை உடல், பார்வையற்ற கண்கள். தீவின் மக்கள் செல்லமாக 'ஹாமிட்டோ' என்று அழைக்கும் இந்த உயிரினம் லான்சரோட்டேவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இதன் உறவுக்கார இனங்கள் வெளிச்சமே எட்டாத ஆழ்கடலில் வாழ்கின்றன. ஆழ்கடல் உயிரின் சொந்தம் தரைமட்டத்துக் குகைக் குளத்தில் வாழ்வது, உயிரியலாளர்களைப் பல பத்தாண்டுகளாக இங்கே வரவழைக்கும் புதிர்.

அதன் வாழ்க்கை மெல்லிய நூலில் தொங்குகிறது. அந்த நூலை அறுக்கப் பெரிய ஆலைக் கழிவு எதுவும் தேவையில்லை. பயணி ஒருவர் வேண்டுதலாக எறியும் ஒரு நாணயம் போதும். உப்புநீரில் உலோகம் அரித்துக் கரைந்து தண்ணீரை நஞ்சாக்கும். அதனால் குளத்தில் நாணயம் போடுவதும், கைவைப்பதும், சத்தம் போடுவதும் கூடாது என்று அறிவிப்பு வைத்திருக்கிறார்கள். இத்தனை லட்சம் பேர் நடந்து கடக்கும் பாதைக்கு ஒரு சில மீட்டர் தூரத்தில் அந்த நண்டுகள் இன்னும் வாழ்கின்றன என்பது, கட்டுப்பாடு பலிக்கும் என்பதற்குச் சான்று. அந்தக் கட்டுப்பாடு ஒரு நாள் தளர்ந்தாலும் இழப்பை ஈடுகட்ட வேறு ஊரில் இருப்பு இல்லை.

பாறைக்கும் இதே நியாயம்தான். சுண்ணாம்புக் குகையில் ஒரு தொங்கூசி உடைந்தால், நீர் சொட்டும்வரை அது ஆயிரமாயிரம் ஆண்டுகளிலாவது வளரும். எரிமலைக் குகையில் உடைந்தது உடைந்ததுதான். அதைச் செய்த வெப்பம் போய் 20 ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. விளக்குகூட ஆபத்துதான். வெளிச்சம் தொடர்ந்து விழும் பாறையில் பாசி பிடிக்கும். குகையின் நிறமும் நுண்ணுயிர்ச் சூழலும் மாறும். சுற்றுலாக் குகைகள் உலகெங்கும் சந்திக்கும் சிக்கல் இது.

நிலவுக்கு ஒத்திகை

பயணிகளுக்குத் திறக்கப்படாத பகுதிகளில் இன்னொரு வகை விருந்தினர்கள் இறங்குகிறார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமை 2016 முதல் நடத்தும் 'பாஞ்சியா' பயிற்சியில், விண்வெளி வீரர்கள் லான்சரோட்டேவுக்கு வந்து பாறைகளைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். முதல் அணியில் இத்தாலியின் லூக்கா பார்மிட்டானோ இருந்தார். 2017-ல் லா கொரோனா குழாயை லேசர் கருவிகளால் அளந்து முப்பரிமாண வரைபடம் எடுத்தார்கள்.

காரணம் எளிது. நிலவிலும் செவ்வாயிலும் எரிமலைக் குழம்பு ஓடியிருக்கிறது; அங்கேயும் லாவா குழாய்கள் இருக்க வேண்டும். ஜப்பானின் ககுயா விண்கலம் எடுத்த படங்களில், நிலவின் மேற்பரப்பில் கூரை இடிந்த ஒரு பெரும் துளை இருப்பது 2009-ல் அறிவிக்கப்பட்டது. ஒரு ஹாமியோதான் அதுவும். நிலவில் பகலில் 100 டிகிரியைத் தாண்டும் வெப்பம், இரவில் உறையவைக்கும் குளிர். கதிர்வீச்சும் விண்கல் துகளும் ஓயாது. பாறைக்கு அடியில் இருக்கும் குகைதான் அங்கே மனிதனுக்குப் பாதுகாப்பான வீடாக முடியும். கடற்கொள்ளையருக்கு அஞ்சி மக்கள் ஒளிந்த அதே குகை, நாளை நிலவில் குடியேறுவோருக்குப் பாடம் சொல்கிறது.

எத்தனை பேர் வரை?

இப்படிப்பட்ட இடத்துக்கு எத்தனை பேர் வரலாம் என்ற கேள்வியை லான்சரோட்டே இன்னும் தீர்க்கவில்லை. ஒன்றரை லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட தீவு இது. ஓட்டல்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் திட்டம் 1991-லேயே வந்தது. அதை மீறிக் கொடுக்கப்பட்ட பல அனுமதிகளை நீதிமன்றங்கள் ரத்து செய்தன. 2024 ஏப்ரல் 20 அன்று கேனரி தீவுகள் முழுவதும் பல்லாயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கி, எங்கள் தீவுகளுக்கும் ஓர் எல்லை உண்டு என்று முழங்கினார்கள். சுற்றுலாவே வேண்டாம் என்பதல்ல அவர்கள் சொன்னது. வாடகை உயர்ந்து உள்ளூர்க்காரருக்கு வீடு கிடைக்காத, குடிநீருக்குத் தட்டுப்பாடு வரும் சுற்றுலா வேண்டாம் என்றார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

குகைகளைப் பொறுத்தவரை அவர்களுக்குச் சாதகமான ஓர் ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே உண்டு. வெர்தெஸ் குகையும் ஹாமியோஸும் தனியார் கையில் இல்லை. மக்கள் தேர்ந்தெடுக்கும் தீவு நிர்வாக சபையின் அமைப்பு ஒன்றே நடத்துகிறது. டிக்கெட் பணம் பொதுப் பணமாகிறது. கூட்டத்தைக் குறைத்தால் லாபம் குறையுமே என்று கவலைப்பட ஒரு முதலாளி அங்கே இல்லை. குறைக்கும் துணிச்சல் நிர்வாகத்துக்கு வர வேண்டும், அவ்வளவே.

மற்ற நாடுகளிலும் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. தென்கொரியாவின் ஜெஜு தீவில் உள்ள மன்ஜாங் குகை 7.4 கி.மீ. நீளம்; பார்வையாளருக்கென ஒதுக்கியது 1 கி.மீ. மட்டும். 1946-ல் ஒரு பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களோடு தீப்பந்தம் ஏந்தி நுழைந்து உலகுக்கு அறிவித்த குகை அது. 2007-ல் ஜெஜுவின் எரிமலைப் பகுதிகளோடு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஐஸ்லாந்தில், உறங்கும் ஓர் எரிமலையின் குழம்பு அறைக்குள்ளேயே திறந்த லிஃப்டில் 120 மீட்டர் ஆழம் இறக்குகிறார்கள். சிறு சிறு குழுக்களாக மட்டும்தான். பெரும்பகுதியை மூடிவைத்து, சிறுபகுதியை நன்றாகக் காட்டுவது என்பதே எல்லா நல்ல குகைகளின் பொது விதி.

போக நினைப்பவர்களுக்கு

இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். மாட்ரிட், பார்சிலோனாவிலிருந்து அர்ரெசிஃபேக்கு நேரடி விமானங்கள் உண்டு. அங்கிருந்து வடக்கே காரில் அரை மணி நேரப் பயணம். டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. வெர்தெஸ் குகையைச் சுற்றிவர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். தரை சீராக இருக்காது. வழுக்காத ஷூ அவசியம். மூட்டுவலி உள்ளவர்களும், இடுக்கான இடத்தில் மூச்சுத்திணறல் வருபவர்களும் யோசித்து முடிவெடுங்கள். அவர்களுக்கு ஹாமியோஸ் சற்று எளிது. அங்கேயும் படிகள் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். முதலில் வெர்தெஸ், பிறகு ஹாமியோஸ் என்று போனால், இருட்டில் தொடங்கி வெளிச்சத்தில் முடியும்.

நம் நாட்டிலும் குகைகள், அருவிகள், மலை உச்சிகள் ஒவ்வொன்றாகச் சுற்றுலாத் தலமாகின்றன. ஆக்குவது தவறில்லை. பார்த்தால்தான் மக்களுக்கு அதன்மேல் அக்கறை வரும். ஆனால் கான்கிரீட் போடுவதற்கு முன்னால், எதைத் தொடாமல் விடப்போகிறோம் என்ற பட்டியலை எழுதி, அதைக் காக்கும் பொறுப்பை ஒரு பொது அமைப்பிடம் கொடுக்க வேண்டும். லான்சரோட்டே 1960-களில் செய்தது அதைத்தான். அந்தத் தீவின் பணமும் புகழும் அந்தப் பட்டியலிலிருந்துதான் வந்தன. பயணிகளாகிய நம் பங்கும் ஒன்று உண்டு: எந்தக் குகைக்குள் போனாலும் பாறையைத் தொடாதீர்கள், எதையும் எடுக்காதீர்கள், தண்ணீரில் எதையும் போடாதீர்கள்.